மெசர்ஷ்மிட்டுக்குப் பணம் கட்டும் முன்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் போர் விமான சிமுலேட்டர் பற்றியவை. அதிலும் எல்லோருக்கும் ஆசை ஒரே விமானத்தின் மேல்: இரண்டாம் உலகப்போரின் ஜெர்மன் மெசர்ஷ்மிட் பிஎஃப் 109. கடிதங்களைச் சுருக்கி, ஊர் பெயரை மட்டும் விட்டு வைத்திருக்கிறேன்.

கேள்வி: டிஜிட்டல் காம்பேட் சிமுலேட்டரில் (டிசிஎஸ்) பிஎஃப் 109-ன் கே-4 வகை மாட்யூல் (தனியாக விற்கும் விமானப் பொதி) வாங்கினேன். த்ராட்டில் கொடுத்ததும் விமானம் இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய், இறக்கை தரையில் தட்டி உடைகிறது. கீபோர்டில்தான் ஓட்டுகிறேன். குறைபாடுள்ள பொருள் என்று நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா? – கோவை

பதில்: வேண்டாம். பொருளில் குறை இல்லை. நிஜ 109-ம் இப்படித்தான் இழுத்தது. அந்தக் குணத்தை மறைக்காமல் செய்து கொடுத்ததற்குத்தான் உங்களிடம் காசு வாங்கியிருக்கிறார்கள்.

சண்டைக்குக் கிளம்பும் கே-4-ன் எடை சுமார் 3.4 டன். மூக்கில் உள்ள டைம்லர்-பென்ஸ் டிபி 605 இன்ஜின், மெத்தனாலும் தண்ணீரும் கலந்த கலவையைப் பீய்ச்சும்போது 1,800 குதிரைத்திறனுக்கு மேல் தரும். விமானி இருக்கையிலிருந்து பார்த்தால் புரொப்பெல்லர் வலச்சுற்றாகச் சுழலும். மூக்கு இடது பக்கம் ஓடும். அதோடு, சக்கரக் கால்கள் இறக்கையில் இல்லாமல் உடல் பகுதியோடு பொருத்தப்பட்டவை. இறக்கையைக் கழற்றினாலும் விமானம் தன் காலிலேயே நிற்கும் என்பதால் மெக்கானிக்குகளுக்கு அது பெரிய வசதி. ஆனால் கால்கள் நெருக்கமாக அமைந்துவிட்டதால் தரையில் ஓடும்போது தடுமாறும். பயிற்சியிலும் தரையிறங்கும்போதும் நிறைய ஜெர்மன் விமானிகள் இந்த விமானத்தை உடைத்திருக்கிறார்கள்.

வால் சக்கரப் பூட்டைப் போடுங்கள். ஸ்டிக்கைப் பின்னால் இழுத்துப் பிடியுங்கள். த்ராட்டிலை ஒரேயடியாகத் தள்ளாமல், மூக்கு நகர ஆரம்பிக்கும்போதே வலது ரட்டரை (மூக்கை இடம் வலம் திருப்பும் வால் பலகை) சின்னச் சின்னதாகக் கொடுத்துக்கொண்டு மெதுவாக ஏற்றுங்கள். வால் தானாக லேசாகும் வரை அவசரப்படக் கூடாது. மேலே போன பிறகும் வேலை முடியாது. இந்த விமானத்தில் காக்பிட்டிலிருந்து மாற்றக்கூடிய ரட்டர் ட்ரிம், அதாவது காலை எடுத்தாலும் ரட்டரை ஒரு நிலையில் நிறுத்தி வைக்கும் வசதி, கிடையாது. வேகம் மாற மாற காலால் சரி செய்துகொண்டே இருக்க வேண்டும். இதைக் கீபோர்டில் சரியாகச் செய்வது கடினம், ஏனென்றால் அதில் ரட்டரை நுணுக்கமாகக் கொடுக்க முடியாது. பெடல் இல்லாவிட்டாலும் முறுக்கும் வசதியுள்ள ஜாய்ஸ்டிக்காவது வேண்டும். அதுவரைக்கும் மாட்யூலின் ஸ்பெஷல் செட்டிங்கில் உள்ள டேக்-ஆஃப் அசிஸ்டன்ஸைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: 8 ஜிபி ரேம் உள்ள ஆபீஸ் லேப்டாப்பில் டிசிஎஸ் ஓடுமா? தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. – திருச்சி

பதில்: ஓடாது. மாட்யூல் வாங்காதீர்கள்.

கேள்வி: கே-4 மட்டும் வாங்கினால் போதும் என்று நினைத்தேன். இப்போது நார்மண்டி மேப் தனி, இரண்டாம் உலகப்போர் அசெட் பேக் தனி என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா? – மதுரை

பதில்: ஏமாற்று இல்லை. எல்லாம் கடைப் பக்கத்தில் எழுதியிருக்கிறது; நீங்கள் படிக்கவில்லை. டிசிஎஸ்ஸில் அடிப்படைச் சிமுலேட்டர் இலவசம். கூடவே ஆயுதம் இல்லாத டிஎஃப்-51 மஸ்டாங், சு-25டி, காக்கசஸ் மேப் ஆகியவையும் இலவசம். மற்ற விமானம் ஒவ்வொன்றும் தனி விலை. சேல் இல்லாத நாளில் கே-4 சுமார் 50 டாலர். அந்தக் காலத்து லாரி, டாங்கி, விமான எதிர்ப்புப் பீரங்கி எல்லாம் வேண்டுமானால் அசெட் பேக்கும் வாங்க வேண்டும். ஆக, ஒரு விமானத்தின் விலையைப் பார்க்காதீர்கள். விமானம், மேப், அசெட் பேக் மூன்றையும் கூட்டிப் பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் இது காசு சம்பந்தப்பட்டது. கே-4 படைப்பிரிவுகளுக்குப் போய்ச் சேர்ந்தது 1944 அக்டோபர் வாக்கில். நார்மண்டித் தரையிறக்கம் 1944 ஜூன் 6. அதாவது அந்த மேப்பின் சண்டைகள் நடந்தபோது கே-4 போர்முனையில் கிடையாது. வரலாறு பொருந்த வேண்டும் என்று நினைப்பவர் நார்மண்டிக்கு ஃபோக்க-வுல்ஃப் 190 ஏ-8 வாங்கலாம்.

கே-4-தான் வேண்டும், அதன் காலமும் இடமும் எதிரியும் சேர்ந்தே வேண்டும் என்றால் ஐஎல்-2 கிரேட் பேட்டில்ஸ் என்ற வேறொரு சிமுலேட்டர் வரிசையில் வரும் போடன்பிளாட்டே பொதியைப் பாருங்கள். 1945 ஜனவரி 1 அன்று, நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் இருந்த நேச நாட்டு விமான தளங்கள் மேல் ஜெர்மானியர் நடத்திய தாக்குதலின் பெயர் அது. கே-4, 109-ன் ஜி-14 வகை, ஜெர்மன் எம்இ 262 ஜெட், எதிர்ப்பக்கம் ஸ்பிட்ஃபயர், டெம்பெஸ்ட், மஸ்டாங், கூடவே ரைன்லாந்து மேப் எல்லாம் ஒரே விலையில் வரும். காக்பிட்டில் ஒவ்வொரு ஸ்விட்சையும் மவுஸால் தட்டும் வசதி அதில் இல்லை. இன்ஜினைப் படிப்படியாக நீங்களே ஸ்டார்ட் செய்ய வேண்டும், குளிரூட்டி மடல் முதல் எரிபொருள் வால்வு வரை கையாள வேண்டும் என்றால் டிசிஎஸ். பறந்து சண்டை போட்டால் போதும் என்றால் ஐஎல்-2. இரண்டிலும் நேர்மையான உழைப்பு இருக்கிறது.

கேள்வி: ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் வாங்கலாமா, டிசிஎஸ்ஸின் சொந்தக் கடையிலா? – டொரான்டோ

பதில்: சொந்தக் கடையில். அங்கிருந்து இறக்கும் பதிப்பில் பெரும்பாலான மாட்யூல்களை 14 நாள் இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம். ஆறு மாதம் கழித்து மறுபடியும் பார்க்கலாம். ஸ்டீம் பதிப்பில் அது இல்லை. ஸ்டீமில் வாங்கியதைச் சொந்தக் கடைக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். சொந்தக் கடையில் வாங்கியது ஸ்டீமில் ஓடாது. ஸ்டீமில் உள்ள ஒரே சாதகம் ரீஃபண்ட்.

கேள்வி: கே-4-ஐ ஸ்டீமில் வாங்கி மூன்று வாரம் ஓட்டினேன். பிடிக்கவில்லை. ரீஃபண்ட் கேட்டால் மறுக்கிறார்கள். – பெங்களூரு

பதில்: மறுக்கத்தான் செய்வார்கள். கூடுதல் மாட்யூலுக்கு விதி இதுதான்: வாங்கி 14 நாளுக்குள் கேட்க வேண்டும், வாங்கிய பிறகு அடிப்படை விளையாட்டை இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஓட்டியிருக்க வேண்டும். மூன்று வாரம் ஓட்டிய பொருளைத் திருப்பித் தருகிறேன் என்றால் எந்தக் கடைக்காரரும் வாங்க மாட்டார். விதியைப் படிக்காதவருக்கு என்னால் உதவ முடியாது.

கேள்வி: ஒரு மெசேஜிங் குழுவில், டிசிஎஸ் மாட்யூல் எல்லாம் உள்ள அக்கவுண்ட் 2,500 ரூபாய் என்று போட்டிருந்தார்கள். என் மகன் பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்ததற்காக யுபிஐயில் பணம் அனுப்பினேன். நாலு நாள் ஓடியது. பிறகு பாஸ்வேர்டு மாறிவிட்டது, குழுவிலிருந்தும் நீக்கிவிட்டார்கள். மகன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. – சேலம்

பதில்: அம்மா, தப்பு உங்கள் மேல் இல்லை. பிள்ளைக்குப் பரிசு வாங்க நினைத்த தாயின் ஆசையைக் காசாக்கியவன்தான் குற்றவாளி. உடனே 1930 எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அது மத்திய அரசின் சைபர் நிதி மோசடி உதவி எண். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யலாம். பணம் போன யுபிஐ ஐடி, பரிவர்த்தனை எண், தேதி, நேரம், குழுவில் நடந்த பேச்சின் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் எடுத்து வையுங்கள். குழுவிலிருந்து நீக்கியிருந்தாலும் உங்கள் போனில் பழைய செய்திகள் இருக்கும், அவற்றை அழிக்காதீர்கள். வங்கிக்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் வேறு கணக்குக்குப் போகும் முன் நிறுத்தி வைக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். தொகை சின்னதுதானே என்று விட்டுவிடாதீர்கள். இவர்கள் பிழைப்பதே அந்த நினைப்பால்தான்.

மகனிடம் சொல்லுங்கள்: இலவச மஸ்டாங்கில் தரையிறங்கப் பழகிக்கொண்டு, அப்புறம் 14 நாள் கே-4-ஐ ஓட்டிப் பார்க்கட்டும். அதற்குக் காசே வேண்டாம்.

கேள்வி: புதிய இரண்டாம் உலகப்போர் விமானம் ஒன்று ஏர்லி ஆக்சஸில் (வேலை முடியும் முன்பே விற்பது) தள்ளுபடியோடு வருகிறது. முன்பதிவு செய்தால் இன்னும் குறைவு. செய்யலாமா? – சென்னை

பதில்: இந்தக் கேள்விக்கு எப்போதும் நீளமாகத்தான் பதில் சொல்கிறேன். இந்த முறையும் அப்படியே.

பிஎஃப் 109 கே-4 டிசிஎஸ்ஸுக்கு வந்த கதையிலிருந்து ஆரம்பிக்கலாம். 2013 செப்டம்பரில் ஆர்ஆர்ஜி ஸ்டுடியோஸ் என்ற குழு, 1944-ன் ஐரோப்பிய வான்போரை டிசிஎஸ்ஸுக்குள் கொண்டுவருகிறோம் என்று கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் ஒரு லட்சம் டாலர் கேட்டது. ஒன்றரை லட்சத்துக்கும் மேல் சேர்ந்தது. கே-4, ஃபோக்க-வுல்ஃப் 190 டி-9, ஸ்பிட்ஃபயர், தண்டர்போல்ட், எம்இ 262 ஜெட் என்று பட்டியல் நீண்டது. அடுத்த ஆண்டே அந்தக் குழுவால் தொடர முடியவில்லை. டிசிஎஸ்ஸின் உரிமையாளரான ஈகிள் டைனமிக்ஸ் வேலையைத் தன் தலையில் எடுத்துக்கொண்டது. அது பாராட்டப்பட வேண்டியது. கே-4-ம் வந்தது. ஆனால் தண்டர்போல்ட் கைக்கு வந்தது 2020-ல்தான். எம்இ 262-க்காகக் காத்திருந்தவர்கள் பத்து ஆண்டு கடந்தும் காத்திருந்தார்கள். பணம் கொடுத்தவர்களில் பலர் இடையில் கம்ப்யூட்டரை மாற்றினார்கள், சிலர் பொழுதுபோக்கையே மாற்றிக்கொண்டார்கள்.

இதற்குப் பிறகும் படிப்பினை கிடைத்தது. ஹாக் பயிற்சி விமானத்தைச் செய்த விஇஏஓ நிறுவனம் 2018-ல் விலகிக்கொண்டது. அந்த மாட்யூல் புதிய பதிப்புகளில் ஓடவில்லை. 2024-ல் எஃப்-15இ செய்த ராஸ்பாம் நிறுவனத்துக்கும் ஈகிள் டைனமிக்ஸுக்கும் பணத் தகராறு வெளியே வந்தது. ஏர்லி ஆக்சஸில் காசு கொடுத்து வாங்கியவர்களின் விமானத்தில் வேலை நின்றது. யார் பக்கம் நியாயம் என்பது அவர்கள் இருவருக்குள் தீர வேண்டிய விஷயம். பணம் கொடுத்தவனுக்கு அந்தச் சண்டையில் நாற்காலியே கிடையாது. அவன் தகராறு பற்றித் தெரிந்துகொண்டதே மற்றவர்கள் எழுதியதைப் படித்துத்தான்.

என் கோபம் இங்கேதான். ஒரு மிக்சியை ஜாருடன் விற்பதாகச் சொல்லி, ஜார் அடுத்த வருடம் வரும், பிளேடு அதற்கடுத்த வருடம் என்றால் எந்தக் கடையில் காசு கொடுப்போம்? மென்பொருளில் மட்டும் இதைப் பழக்கமாக ஏற்றுக்கொண்டுவிட்டோம். சேத விளைவுகள் பிறகு, ரேடியோ பிறகு, கையேடு பிறகு என்கிறார்கள். தேதி மட்டும் எங்கும் இருக்காது. சிறிய குழுக்களுக்கு முன்பணம் இல்லாமல் வேலை நடக்காது என்பது எனக்குத் தெரியும். ஒரு விமானத்தின் பறக்கும் தன்மையைப் பழைய ஆவணங்களிலிருந்து கட்டுவது வருடக் கணக்கில் பிடிக்கும் வேலை, அதைச் செய்பவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. அந்தச் சுமையைத் தெரிந்தே சுமக்க விரும்புகிறவர் சுமக்கலாம். ஆனால் அதைத் தள்ளுபடி என்ற பெயரில், தெரியாதவன் தலையில் கட்டக் கூடாது.

ஆகவே முன்பதிவு வேண்டாம். வெளிவந்த பிறகு இலவசமாக ஓட்டிப் பாருங்கள். இன்றோடு இதில் எல்லா வேலையும் நின்றுவிட்டால்கூட இந்த விலை எனக்குச் சம்மதமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சம்மதம் என்றால் வாங்குங்கள். பழைய மாட்யூல்கள் சேலில் பாதி விலைக்குக்கூட வருகின்றன. காத்திருப்பதில் உங்களுக்கு நஷ்டம் இல்லை.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் ஜாய்ஸ்டிக் வாங்கலாமா? – புதுச்சேரி

பதில்: நேரில் சோதித்துப் பார்க்க முடிந்தால் மட்டும். அதிகம் ஓட்டாதது என்று சொல்லி ஒரு கடைக்காரர் எனக்கு விற்ற ஸ்டிக்கில் நடுப்பகுதி தேய்ந்து போயிருந்தது. கையை எடுத்தாலும் விமானம் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே போகும். குறி வைத்தால் குறுக்குக்கோடு நடுங்கும். பார்வைக்குப் பொருள் புத்தம் புதிது. உள்ளே இருந்தது பொட்டென்ஷியோமீட்டர், அதாவது உரசி உரசித் தேயும் சென்சார்.

விண்டோஸில் கேம் கன்ட்ரோலர் திரையைத் திறந்து ஸ்டிக்கை விட்டுவிடுங்கள். சின்னக் கூட்டல் குறி நடுவில் அசையாமல் நிற்க வேண்டும். பிறகு மூலைக்கு மூலை மெதுவாக நகர்த்துங்கள்; குறி எங்கேயும் துள்ளக் கூடாது. முறுக்கும் அச்சைத் தனியாகப் பாருங்கள், 109 ஓட்டுபவருக்கு அதுதான் முதலில் போகும். காந்தத்தால் இயங்கும் ஹால் சென்சார் உள்ளது கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் சரி. எனக்கு விற்றவர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

கேள்வி: என் 13 வயதுப் பையன் வார் தண்டர் என்ற இணையப் போர் விளையாட்டில் ஜெர்மன் பிரீமியம் விமானம் என்று என் கார்டில் 4,000 ரூபாய்க்கு வாங்கிவிட்டான். ஓடிபி நான்தான் சொன்னேன், ஸ்கூல் ஃபீஸ் என்று நினைத்தேன். – ஈரோடு

பதில்: ஓடிபி செய்தியில் யாருக்கு, எவ்வளவு என்று எழுதியிருக்கும். படிக்காமல் சொல்லியிருக்கிறீர்கள். விற்பனையாளருக்கு எழுதிக் கேட்டுப் பாருங்கள், ஆனால் எதிர்பார்ப்பு வேண்டாம். வார் தண்டரில் 109 வகைகளை ஓட்டி ஓட்டியே சம்பாதிக்கலாம் என்பதைப் பையனிடம் சொல்லுங்கள்.

கேள்வி: முதல் ஜெர்மன் விமானம் 109-ஆ, ஃபோக்க-வுல்ஃப் 190-ஆ? – யாழ்ப்பாணம்

பதில்: 190. குர்ட் டாங்க் வடிவமைத்த அந்த விமானத்தின் சக்கரக் கால்கள் அகலமானவை, தரையில் நிதானமாக நிற்கும். அதன் ஏ-8 வகையின் பிஎம்டபிள்யூ 801 இன்ஜினில் எரிபொருள்-காற்றுக் கலவை, புரொப்பெல்லர் கோணம் போன்றவற்றை ஒரே நெம்புகோலால் கட்டுப்படுத்த உதவும் சாதனம் உண்டு. ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தாலே வால் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

கேள்வி: இணையக் கடையில் வாங்கிய ரட்டர் பெடலின் இடது பக்கம் முதல் நாளே வேலை செய்யவில்லை. பெட்டியைத் திறந்துவிட்டீர்கள் என்று சொல்லித் திருப்பி எடுக்க மறுக்கிறார்கள். விலை 14,000 ரூபாய். – திருநெல்வேலி

பதில்: பெட்டியைத் திறக்காமல் பெடல் வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? 2020-ன் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி குறைபாடுள்ள பொருளைத் திருப்பி எடுக்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது. அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு இன்றே எழுதுங்கள். பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருக்க வேண்டும். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பெடலை மிதித்தும் அளவுக்கோடு அசையாததை வீடியோ எடுத்துச் சேருங்கள், பெட்டியின் சீரியல் எண்ணும் அதில் தெரியட்டும். கூடவே 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரில் வழக்குத் தொடர 2019-ம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில்லும் வீடியோவும் பத்திரம். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.