பழைய தமிழ்ப் புத்தகத்தில் ஆங்கில ஆண்டு இல்லை. பதிப்புக் காலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

தலைப்புப் பக்கத்தில் ‘விபவ வருடம் தை மாதம்’ என்று மட்டும் இருந்தால் பலர் 1868 அல்லது 1928 என்று குறித்துவிடுகிறார்கள். இரண்டுமே தவறு. தமிழ் ஆண்டு சித்திரையில் பிறப்பதால் அந்தத் தை மாதம் வருவது 1869 அல்லது 1929 ஜனவரி-பிப்ரவரியில். 60 ஆண்டுச் சுழற்சியில் எது என்பதை மற்றத் தடயங்கள்தான் சொல்லும்.

விலையைப் பாருங்கள். ‘ரூ. 1-8-0’ என்றால் ஒரு ரூபாய் எட்டு அணா, அதாவது ஒன்றரை ரூபாய்; இது நயா பைசாவுக்கு முந்தைய அணாக் கணக்கு (16 அணா ஒரு ரூபாய்). ‘நயா பைசா’ என்றால் 1957-64. ஆனால் விலை அச்சிட்டதா, பின்னால் ஒட்டிய சீட்டா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது அவசியம். முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது.

‘லை’, ‘னை’ பழைய தும்பிக்கை வடிவில் இருப்பதை வைத்து மட்டும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையது என்று முடிவுகட்டாதீர்கள். ஈய எழுத்து வைத்திருந்த அச்சகங்கள் பிறகும் அதையே கோத்தன.

அதிகம் ஏமாற்றுவது முன்னுரைத் தேதி. மறுபதிப்பிலும் அது அப்படியே வரும். பின்னட்டை விளம்பரத்தில் உள்ள நூல்களின் முதல் பதிப்பு ஆண்டுகளைத் தேடுங்கள். அவற்றில் கடைசியானதற்கு முன் உங்கள் பிரதி அச்சாகியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஊகித்த ஆண்டை [1929?] என்று பகர அடைப்புக்குள் பதியுங்கள்.