திறந்த உரிமத்தில் கொடுத்த விளையாட்டுப் படங்களை வைத்துக் கம்பெனிகள் காசு பார்க்கின்றன. இதனால் சமூகத்துக்கு என்ன லாபம்?

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் படம் வரைகிறவர், உங்கள் படத்தை யாரோ எடுத்து விற்றுவிட்டார் என்று தெரிகிறது. அல்லது விற்றுவிடுவாரோ என்ற பயம். எதுவானாலும் 'வணிகப் பயன்பாடு கூடாது' என்கிற உரிமத்துக்கு ஓடிவிடாதீர்கள். விளையாட்டுப் படங்களைப் பொதுவில் பகிரும் ஓபன்கேம்ஆர்ட் தளத்தில் அந்த உரிமத்தோடு படம் ஏற்றவே விடமாட்டார்கள்.

நான் பினாங்கில் லெபோ பாசார் பக்கம் வளர்ந்தவன். அங்குள்ள கடைவீடுகள், அஞ்சடி என்கிற கடைமுன் நடைபாதை, பூமாலைக் கடை எல்லாவற்றையும் பிக்சல் கட்டங்களாக வரைந்து சிசி பை-எஸ்ஏ என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் போட்டேன். யாரும் எடுக்கலாம், விற்கலாம். என் பெயரைச் சொல்ல வேண்டும், படத்தை மாற்றி வெளியிட்டால் மாற்றியதையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டும். முக்கியமான நிபந்தனை அவ்வளவுதான்.

கோலாலம்பூரில் ஒரு சின்னக் கம்பெனி அதை எடுத்துக் கைப்பேசி விளையாட்டு செய்து விற்றது. தெரிந்த தம்பி ஒருவன் போன் போட்டு, "அண்ணே, உங்க கடைவீட்ட வெச்சு எவனோ காசு பண்றான் லா" என்றான். போய்ப் பார்த்தேன். பெயர் இருந்தது. அதோடு, அவர்களிடம் வேலை செய்யும் ஒரு பெண் மழை, இரவு விளக்கு, நான் வரையாத கூரை மூலைகள் எல்லாம் சேர்த்து, முழுத் தொகுப்பையும் உரிமப்படி பொதுவில் வைத்திருந்தார். சம்பளத்துக்கு முழுநேரம் உட்கார்ந்து செய்த வேலை அது. வேலை முடிந்து வந்து ராத்திரியில் வரைகிற என்னால் ஆகாது. இன்று மாணவர்கள் என்னிடம் கேட்டால் நான் அனுப்புவது அவர் திருத்திய தொகுப்பைத்தான். எனக்கு ஒரு சென் வரவில்லை, உண்மை. ஆனால் கேள்வி சமூகத்துக்கு என்ன லாபம் என்பதுதானே?

"ஒரு கம்பெனி யோக்கியமாக இருந்தால் போதுமா?" என்று கேட்பீர்கள். இல்லை. இன்னொரு இடத்தில் என் பெயரைத் தூக்கிவிட்டு, நிறம் மாற்றி, தீபாவளி விளம்பரத்துக்குப் போட்டார்கள். எழுதிக் கேட்டதும் விளம்பரத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். உரிமத்தைப் படிக்காதவன் 'வணிகம் கூடாது' என்று எழுதியிருந்தாலும் படித்திருக்க மாட்டான். அந்த வரி தடுப்பது படித்துவிட்டு முறையாக எடுக்க வருகிறவனை மட்டும்தான்.

என் அனுபவம் சின்னது என்பவர்களுக்கு, மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாத்திரமேற்று ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் கதை. அதை வெளியிடும் விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் கம்பெனி அதன் அடிப்படை விதிகளை 2000-ல் ஓஜிஎல் என்ற திறந்த உரிமத்தில் விட்டது. 2008-ல் நான்காம் பதிப்பு வேறொரு இறுக்கமான உரிமத்தோடு வந்தது. பழைய விதிகளில் ஆடியவர்கள் நடுத்தெருவில் நின்றிருப்பார்கள். பைஸோ கம்பெனி அதே திறந்த விதிகளை வைத்து 2009-ல் பாத்ஃபைண்டர் என்ற ஆட்டத்தைப் போட்டு விற்றது, தன் விதிகளையும் அதே உரிமத்தில் விட்டது. காசுக்காகத்தான் செய்தார்கள், தர்மத்துக்கு இல்லை. அதனால்தான் அந்த ஆட்டத்துக்குப் புத்தகம் வந்துகொண்டே இருந்தது. 2023 ஜனவரியில் விஸார்ட்ஸ் அந்த உரிமத்தையே மாற்றப் பார்த்தபோது ஆட்டக்காரர்களோடு சேர்ந்து, அதில் பிழைப்பு நடத்திய கம்பெனிகளும் எதிர்த்தன. மாதம் முடிவதற்குள் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளான 5.1 விதித்தொகுப்பை, பெயரைச் சொன்னால் போதும் என்கிற சிசி பை உரிமத்தில் விட வேண்டியதாயிற்று. அதை இனித் திரும்பப் பெற முடியாது.

சொல்லாமல் இருக்க முடியவில்லை: என் படத்தை விற்றதற்கு எனக்காகக் குதித்த நண்பர்கள், நிஜக் கடைவீடுகளின் வாடகை ஏறியபோது வாய் திறக்கவில்லை. 2008-ல் அந்தக் கடைவீடுகள் இருக்கும் பினாங்கின் ஜார்ஜ்டவுனுக்கு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்தது. பெருமைதான். என் மாமாவால் வாடகை கட்ட முடியாமல் கடையைக் காலி செய்துவிட்டு பட்டர்வொர்த்துக்குப் போனார். அவர் கடை இருந்த இடத்தில் இப்போது பூட்டிக் ஹோட்டல். அதில் எங்களுக்குத் திரும்பி வந்தது என்ன?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சிசி பை-எஸ்ஏ போடுங்கள். படம் அந்த உரிமத்தில் இருந்தால் விளையாட்டின் நிரலையும் திறக்க வேண்டுமா என்று சிலர் சண்டைக்கு வருவார்கள், நான் வக்கீல் இல்லை, அதற்குள் போகவில்லை. உங்கள் பெயரை எந்த வடிவில், எங்கே போட வேண்டும் என்பதைப் படத்தோடு ஒரு உரைக்கோப்பில் எழுதி வையுங்கள். எடுக்கிறவருக்கும் வசதி, கேட்கப் போகும்போது உங்களுக்கும் வசதி.