கோபர் கேஸ் தொட்டிக்கு நிக்கல் எதற்கு?

கேள்வி: சேரன்மகாதேவி பக்கம் எங்கள் தோட்டத்தில் கோபர் கேஸ் தொட்டி இருக்கிறது. நிக்கல் உப்பு போட்டால் கேஸ் கூடும் என்கிறார் ஒருவர். சாணிக்கும் நிக்கலுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. ஆனால் உப்பு வாங்க ஓடாதீர்கள்.

பாளையங்கோட்டையில் உயிர்வேதியியல் நடத்துகிறேன். எனக்கு ரொம்பப் பிடித்த பாடம் இது. சாணியைச் சிதைப்பது பாக்டீரியாக்கள். கடைசியில் மீத்தேனை உண்டாக்குவது ஆர்க்கியா என்ற தனி இனம். அந்தக் கடைசிப் படியை நடத்தும் நொதியின் பெயர் மெத்தில் கோஎன்சைம் எம் ரிடக்டேஸ். அதற்குள் எஃப்430 என்ற மஞ்சள் நிறத் துணைநொதி (நொதிக்குத் துணை நிற்கும் சிறு மூலக்கூறு), அதன் நடுவே ஒரு நிக்கல் அணு. ரத்தத்தின் ஹீமுக்கும் இலையின் பச்சையத்துக்கும் இது பங்காளி முறை. ஹீமில் இரும்பு, பச்சையத்தில் மக்னீசியம், இங்கே நிக்கல்.

எஃப்430-ஐ அந்த நுண்ணுயிர் தானேதான் செய்துகொள்கிறது. எந்தெந்த நொதிகள் அதைச் செய்கின்றன என்பது 2016, 2017-இல்தான் தெளிவானது. சைரோஹைட்ரோகுளோரின் என்ற வளைய மூலக்கூறில் தொடங்குகிறது வேலை. வைட்டமின் பி12 உருவாகும் வழியிலும் இதே மூலக்கூறு வரும். சிஎஃப்பிஏ என்ற நொதி அதற்குள் நிக்கலை வைக்கிறது. சிஎஃப்பிபி இரண்டு அமிலத் தொகுதிகளை அமைடாக மாற்றுகிறது. அடுத்து சிஎஃப்பிசி, சிஎஃப்பிடி ஜோடி எலக்ட்ரான்களை ஏற்றி ஒரு புது வளையத்தை மூடுகிறது. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கும் நைட்ரோஜினேஸுக்கு இந்த ஜோடி சொந்தம் என்பது எனக்கு இன்றும் வியப்புதான். கடைசி வளையத்தை முடிப்பது சிஎஃப்பிஇ.

நொதியின் பெயரில் வரும் கோஎன்சைம் எம் கதை வேறு. மீத்தேனாகப் போகும் மெத்தில் தொகுதியைச் சுமந்து வருவது அதுதான். அது மிகச் சிறிய கந்தக மூலக்கூறு. சில மெத்தனோஜென்கள், அதாவது மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியாக்கள், அதை பாஸ்போஈனால்பைருவேட்டிலிருந்து செய்கின்றன, மெத்தனோசார்சினா வகையோ பாஸ்போசெரினிலிருந்து. தொடக்கம் வேறு, கடைசியில் கிடைப்பது ஒன்றே.

சரி, உங்கள் தொட்டிக்கு வருவோம். நிக்கல் இல்லாவிட்டால் எஃப்430 செய்யும் வேலை முதல் படியிலேயே நின்றுவிடும், உண்மைதான். ஆனால் தேவை மிக மிகக் கொஞ்சம். தீவனத்தின் வழியே அது சாணியில் பொதுவாக வந்துவிடுகிறது. ஓட்டல் மிச்சத்தை மட்டும் போடும் தொட்டிகளில் நிக்கலும் கோபால்ட்டும் குறையக்கூடும். அங்கேயும் முதலில் கொஞ்சம் சாணி கலந்து பாருங்கள் என்றுதான் சொல்வேன். கேஸ் குறைந்தால் கரைசல் புளித்துவிட்டதா, மூடியில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். நிக்கல் உப்பு நச்சு. அதைக் கையால் அள்ளிப் போட்டால் தொட்டியிலிருந்து வழியும் கரைசலோடு உங்கள் பிசான நெல் வயலுக்குத்தான் போய்ச் சேரும்.