பெயின்டர் பதில்கள்: மாநகராட்சிச் சுவரும் என் உள்ளங்கையும்

ரோடெல்லாம் பள்ளம். பாலத்தூணுக்கு மட்டும் படம் எதற்கு? அதுவும் நம் வரிப்பணத்தில்!
*வாசகர், தாம்பரம்*

பள்ளத்துக்கு மனு எழுதுங்கள், முதல் கையெழுத்து நான் போடுகிறேன். போன மாதம் அப்படி ஒரு பள்ளத்தில்தான் என் டிவிஎஸ் 50 சாய்ந்தது, கூடவே ஒரு லிட்டர் மஞ்சளும் போச்சு. ஆனால் பள்ளம் மூடாததற்குப் படம் காரணம் இல்லைங்க. படம் வரையாத ஊரிலும் பள்ளம் இருக்கத்தான் செய்கிறது.

1959-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரம் ஒரு விதி போட்டது. நகராட்சி கட்டும் கட்டடத்தின் செலவில் ஒரு சதவீதம் வரை கலைக்கு ஒதுக்கலாம் என்று. அதே 1959-ல் நம் ஊரிலும் ஒரு சட்டம் வந்தது: பொது இடத்தில் எழுதாதே, ஒட்டாதே. அவர்கள் என்ன வைக்கலாம் என்று யோசித்த வருஷத்தில் நாம் என்ன வைக்கக் கூடாது என்று யோசித்திருக்கிறோம். சும்மா சொல்லக் கூடாது, மெரினாவில் உழைப்பாளர் சிலை வந்ததும் அதே வருஷம்தான். ராய் சௌத்ரி செய்தது. பாறையை நெம்பும் அந்த நாலு பேரின் கெண்டைக்காலைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள், நரம்பு புடைத்திருக்கும். 'இது யார் வரிப்பணம்' என்று அந்தச் சிலைக்குக் கீழே நின்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. உங்கள் பாலத்தூணைப் பார்த்தால் கேட்கத் தோன்றுகிறது என்றால், கோளாறு படத்தில் இருக்கலாம்.

எங்கள் பூங்காச் சுவரில் தை மாதம் ஜல்லிக்கட்டு வரைந்தார்கள். ஆடிக்குள் காளைக்குக் காலே இல்லை, உதிர்ந்துவிட்டது. பெயின்ட் மட்டமா, பெயின்டர் மட்டமா?
*வாசகி, விழுப்புரம்*

கால்தான் முதலில் போனது என்கிறீர்களே, அதிலேயே பதில் இருக்கிறது. தரையில் இருந்து ஓதம் ஏறுகிறது. பழைய செங்கல் சுவரில் இரண்டடி, மூன்றடி வரை தண்ணீரை உறிஞ்சி மேலே கொண்டுவந்துவிடும். தண்ணீர் காயும்போது உப்பு வெள்ளையாகப் பூத்து பெயின்டை உள்ளிருந்து தள்ளும். அதன்மேல் எனாமல் அடித்திருந்தால் இன்னும் மோசம். ஈரம் வெளியேற வழியில்லாமல் அப்பளம் மாதிரி உப்பும்.

எனக்கும் இது நடந்தது. ஊர் பெயர் வேண்டாம், ஒரு பஸ் ஸ்டாண்டு. நாற்பதடிச் சுவர், நாத்து நடும் பெண்கள். உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. பழைய சுண்ணாம்பு மாவாகக் கையில் ஒட்டியது. "சார், சுரண்டணும். உப்பைத் தட்டிட்டு பத்து நாள் காயவிடணும். அப்புறம் பிரைமர்" என்றேன். ஒப்பந்தக்காரர் சிரித்தார். "வெள்ளிக்கிழமை திறப்பு விழா, அண்ணே."

வியாழன் ராத்திரி ரெண்டு மணி வரை டியூப்லைட் கட்டிக்கொண்டு வரைந்தேன். விழா நன்றாக நடந்தது, எனக்கு ஒரு துண்டும் போர்த்தினார்கள். ஐப்பசி மழை முடிந்தபோது நட்ட பெண்கள் இடுப்புக்குக் கீழே இல்லை. பார்க்கிறவன் யாரைத் திட்டுவான்? மூலையில் கையெழுத்துப் போட்டவனைத்தான். அன்றிலிருந்து உள்ளங்கை சரி என்று சொல்லாத சுவரில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

உங்கள் பூங்காவில் திரும்ப வரைந்தால் ரெண்டு விஷயம் சொல்லுங்கள். கீழே மூன்றடிக்குப் படமே வேண்டாம், கருங்கல் நிறத்தில் வெறும் பட்டை போதும். அது உதிர்ந்தால் ஒரு நாள் கூலியில் சரிசெய்யலாம். இரண்டாவது, சுவரின் தலையில் வெடிப்பு இருந்தால் முதலில் அதைப் பூசச் சொல்லுங்கள். பாதித் தண்ணீர் மேலிருந்துதான் இறங்குகிறது.

சுவரில் சாமி படம் போட்டால் அசுத்தம் செய்ய மாட்டார்களாமே?
*வாசகர், திருச்சி*

எங்கள் தெருவில் போட்டார்கள், மூன்று மதமும் வரிசையாக. ஜனங்கள் நாலடி தள்ளிப் போய் நின்றார்கள். பக்கத்தில் கழிப்பறை கட்டிய பிறகுதான் சுவர் காய்ந்தது.

ஃப்ளெக்ஸ் வந்து கையால் வரையும் பேனர் அழிந்ததே, மாநகராட்சி வேலை உங்களுக்குக் கை கொடுத்ததா?
*வாசகர், மதுரை*

கொடுத்தது. நான் பதினாலு வயதில் ராயப்பேட்டையில் ஒரு பேனர் கம்பெனியில் சேர்ந்தவன். கட்டம் போட்டு, கையகல ஃபோட்டோவை நாற்பதடிக்குப் பெரிதாக்குவோம். ஃப்ளெக்ஸ் மெஷின் வந்ததும் வருஷம் நாலு ஆவதற்குள் எல்லாரும் நம்பர் பிளேட் எழுதப் போய்விட்டோம். 2009 வாக்கில் சென்னை மாநகராட்சி அண்ணா சாலை, காமராஜர் சாலைச் சுவர்களில் போஸ்டரைக் கிழித்துவிட்டுப் படம் வரையத் தொடங்கியபோது, எங்கள் ஆட்கள் பலர் திரும்ப சாரம் ஏறினார்கள். கோயில், நாட்டியம், கிராமத்துக் காட்சி என்று வரைந்தார்கள்.

தொழில் ரகசியம் ஒன்று சொல்கிறேன். சுவர் வேலைக்குப் பெரும்பாலும் சதுர அடிக் கணக்கில்தான் கூலி பேசுவார்கள். ஒரு முகத்துக்கு ஒரு நாள் போகும். அதே அளவு வானத்துக்கு ரோலரில் பத்து நிமிஷம். இனிமேல் சுவரில் ஆகாயம் தாராளமாக இருந்தால் பெயின்டரைக் கோபிக்காதீர்கள். அவனுக்கும் வீட்டு வாடகை இருக்கிறது.

கண்ணகி நகர் சுவர் ஓவியங்களைப் பற்றி உங்கள் கருத்து? உண்மையாகவே ஏதாவது மாறியதா?
*வாசகி, சோழிங்கநல்லூர்*

நான் இரண்டு முறை போய்ப் பார்த்தேன். சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்தும் நகரத்தின் மற்ற இடங்களிலிருந்தும் எடுத்துவந்து குடியேற்றப்பட்டவர்கள், பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். விலாசத்தைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று அந்தப் பிள்ளைகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். 2020-ல் மாநகராட்சியும் ஸ்டார்ட் இந்தியா என்ற தெருக்கலை அறக்கட்டளையும் ஏஷியன் பெயின்ட்ஸும் சேர்ந்து அடுக்குமாடிகளின் பக்கச்சுவர்களில் வரையவைத்தார்கள்.

தொழில்காரனாகச் சொல்கிறேன், வேலை சுத்தம். பக்கச்சுவரில் ஜன்னல் தொந்தரவு கிடையாது. ஓதம் ஏறாத உயரத்தில் முகம் இருக்கிறது. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது ஓர் அம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "படம் பார்க்க நிறைய பேர் வர்றாங்கய்யா, நல்லாத்தான் இருக்கு. படிக்கட்டுல லைட்டு இல்ல, அதையும் எழுது" என்றார். எழுதிவிட்டேன் அம்மா.

அந்த ஊர் பெயரை நாடே நல்லவிதமாகச் சொன்னது 2025 அக்டோபரில். அங்கே வளர்ந்த கார்த்திகா, பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியக் கபடி அணியோடு தங்கம் வாங்கினார். சுவர் பார்க்க ஆள் வந்தது, சரி. ஆனால் விலாசத்துக்கு மரியாதை வாங்கித் தந்தது அந்தப் பொண்ணு. ரெண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

நேப்பியர் பாலத்துக்குச் சதுரங்கக் கட்டம் அடித்தது பிடித்ததா?
*வாசகர், சேப்பாக்கம்*

2022-ல் ஒலிம்பியாடுக்காக அடித்தது. ரொம்பப் பிடித்தது. அந்த வளைவில் கட்டம் கோணாமல் நூல் பிடிப்பது லேசு இல்லை. இரண்டே நிறம், ஒரு வார்த்தை கிடையாது, யார் முகமும் கிடையாது. மொத்த ஊருக்கும் புரிந்தது. யார் முகமும் கிடையாது என்பதை வேண்டுமானால் இன்னொரு தடவை படித்துக்கொள்ளுங்கள்.

பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகளும் தோழிகளும் பள்ளிச் சுவரில் வரைய ஆசைப்படுகிறார்கள். கவுன்சிலர் சரி என்றுவிட்டார். எங்கிருந்து தொடங்குவது?
*வாசகி, கரூர்*

வாய்வார்த்தை போதாது. அனுமதியைத் தலைமையாசிரியர் பெயருக்கு எழுத்தில் வாங்குங்கள். கவுன்சிலர் மாறினால் சுண்ணாம்பு அடிக்க ஆள் வந்துவிடும். புதுப் பூச்சு என்றால் ஒரு மாசம் ஆறட்டும். வெளிச்சுவர் பிரைமர் ஒரு கோட், எமல்ஷன் ரெண்டு கோட். மேற்கு வெயில் விழுகிற சுவரா என்று பாருங்கள். அப்படியானால் பளீர் ரோஸ், எலுமிச்சை மஞ்சள் வேண்டாம், அவைதான் முதலில் வெளுக்கும். செங்காவியும் மஞ்சள் காவியும் எங்கள் தாத்தா காலத்துச் சரக்கு, வெயிலுக்கு அசையாது. சாரத்தில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள், கைக்கு எட்டும் உயரம் போதும். ஒவ்வொரு நிறத்திலும் கால் லிட்டர் மூடி வைத்து, டப்பா மேலே பெயர் எழுதச் சொல்லுங்கள். அடுத்த வருஷம் ஒட்டுப்போட அதே நிறம் கடையில் கிடைக்காது.

வரைந்ததும் எனக்கு ஃபோட்டோ அனுப்பச் சொல்லுங்கள்.

நீங்கள் வரைந்ததில் இன்னும் அழியாமல் இருக்கும் சுவர் எது?
*வாசகர், வேலூர்*

ஒரு ரேஷன் கடைப் பக்கவாட்டில் போட்ட யானை. பதினோரு வருஷம் ஆகிறது. வடக்குப் பார்த்த சுவர், மேலே ஓட்டுச் சாய்ப்பு, ஓதம் இல்லை. அதற்கு என்னவோ நான் கையெழுத்துப் போட மறந்துவிட்டேன்.