டிக்காஷன் நிறத்தை ஏன் கடைசி வரியில் எழுதினீர்கள்?

"என் மகனுக்கு 22 வயது. எட்டு மாதமாக ஜிம்முக்குப் போகிறான். வே புரோட்டீன், கிரியேட்டின் என்று இரண்டு டப்பா வைத்திருக்கிறான். வேலையில் சேருவதற்காகப் போன வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 1.4 என்று ஸ்டார் குறி போட்டு வந்திருக்கிறது. எஸ்.ஜி.ஓ.டி.யும் கொஞ்சம் கூடுதல். நெட்டில் பார்த்தால் கிட்னி ஃபெயிலியர், டயாலிசிஸ் என்று வருகிறது. இவனும் போனில் 'இன்னிக்கு ஃபெயிலியர் வரைக்கும் போயிட்டேன்', 'அடுத்த மாசம் கட்டிங்' என்று நண்பர்களிடம் பேசுகிறான். எனக்குத் தூக்கமே இல்லை. ஜிம்மால் உடம்புச் சூடும் அதிகம். ஒன்றரை மாதம் விட்டுவிட்டுப் போன மாதம் திரும்பப் போனபோது மூன்று நாள் காலை மடக்க முடியவில்லை, ஒன்றுக்கு டிக்காஷன் மாதிரி போனது. மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டான், நான் இளநீர் கொடுத்தேன், சரியாகிவிட்டது. அந்த டப்பாக்களைத் தூக்கி எறிந்துவிடட்டுமா?"
– வாசகி, நாமக்கல்

எறிய வேண்டாம் அம்மா. முதலில் அந்த டிக்காஷன் நிறத்தைப் பற்றிப் பேசுவோம். கடிதம் முழுக்கக் கிட்னியைப் பற்றிப் பயந்துவிட்டு, கிட்னிக்கு நிஜமாகவே ஆபத்து வந்த நாட்களை மட்டும் 'சூடு' என்று எழுதி முடித்துவிட்டீர்கள்.

பழக்கமில்லாத தசையை அளவுக்கு மீறி வேலை வாங்கினால் தசை நார்கள் உடையும். கொஞ்சம் உடைந்தால் வலி. இரண்டு மூன்று நாளில் போய்விடும். நிறைய உடைந்தால் நார்களுக்குள் இருக்கும் மயோகுளோபின் என்ற சிவப்புப் புரதம் ரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் வழியாக வெளியேறப் பார்க்கும். அதுதான் அந்த டிக்காஷன் நிறம், கோலா நிறம். போகிற வழியில் சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அது அடைத்துப் புண்ணாக்கவும் செய்யும். ராப்டோமயோலைசிஸ் என்பது இதன் பெயர். ஜிம் பையன்கள் சுருக்கமாக 'ராப்டோ' என்பார்கள். 1941இல் லண்டனில் குண்டுவீச்சில் இடிந்த கட்டடங்களுக்கு அடியில் கால் நசுங்கிக் கிடந்தவர்கள், மீட்கப்பட்ட சில நாட்களில் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததைப் பைவாட்டர்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய சகாவும் எழுதினார்கள். தசை உடைந்தால் சிறுநீரகம் கெடும் என்று மருத்துவ உலகம் நன்றாகப் புரிந்துகொண்டது அதற்குப் பிறகுதான். அங்கே சுவர் விழுந்தது. இங்கே காசு கொடுத்து நாமே பாரத்தை ஏற்றிக்கொள்கிறோம்.

உங்கள் மகனுக்கு வந்தது அதுதான் என்று இப்போது அடித்துச் சொல்ல முடியாது. அன்று சி.பி.கே. என்ற ரத்தப் பரிசோதனை செய்திருந்தால் தெரிந்திருக்கும். வழக்கமாக 200ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கும் அந்த எண், ராப்டோவில் ஆயிரங்களைத் தாண்டும். சிலருக்கு லட்சத்தைத் தொடும். ஆனால் கதை அச்சாகப் பொருந்துகிறது. ஒன்றரை மாத இடைவெளி, திரும்பியதும், அநேகமாகப் பழைய எடையிலேயே, 'லெக் டே' என்கிற கால் பயிற்சி, மடக்க முடியாத கால், பிறகு அந்த நிறம். விட்ட இடத்தில் இருந்து தொடரலாம் என்று மனசு நினைக்கும். தசைக்கு அந்தப் பழக்கம் எப்போதோ போயிருக்கும்.

அதற்கு மேல் வீட்டு வைத்தியம் வேறு. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் சிறுநீரகத்தின் கழுத்தைப் பிடிப்பது மாதிரி. 'கால் வலி' என்றதும் ஒரு பட்டையைக் கிழித்துக் கொடுக்கிற மெடிக்கல்காரர் ஒன்றுக்கு என்ன நிறத்தில் போகிறது என்று கேட்க மாட்டார். இளநீர் இன்னொரு விஷயம். மற்ற நாட்களில் அருமையான பானம்தான். ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம். உடைந்த தசையும் ரத்தத்தில் பொட்டாசியத்தைத்தான் கொட்டும். அது எல்லை மீறினால் இதயத் துடிப்பே தடுமாறும். உங்களைக் குறை சொல்லவில்லை. இதை எந்த அம்மாவும் யோசித்திருக்க மாட்டார். இந்த முறை தப்பித்தான்.

இனி ஒருமுறை கடுமையான பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் பழுப்பாகவோ கறுஞ்சிவப்பாகவோ போனால், அன்றே, ராத்திரியானாலும், ட்ரிப்ஸ் ஏற்றும் வசதி உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். தசை வீங்கிக் கல் மாதிரி இறுகினாலும், சிறுநீரின் அளவு குறைந்தாலும் அப்படித்தான். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். போனதும் "நேற்று ஜிம்மில் அளவுக்கு மீறிச் செய்தேன்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லச் சொல்லுங்கள். சி.பி.கே., கிரியேட்டினின், பொட்டாசியம் மூன்றையும் பார்ப்பார்கள். சரியான நேரத்தில் சலைன் ஏற்றினால் பெரும்பாலானோர் முழுதாக மீண்டுவிடுகிறார்கள். தண்ணீர் குறைவாகக் குடித்தால் வரும் அடர்மஞ்சள் வேறு; இரண்டு செம்பு தண்ணீரில் அது தெளிந்துவிடும். வைட்டமின் மாத்திரையால் பளிச்சென்று போவதும், பீட்ரூட் சாப்பிட்டுச் சிவப்பாகப் போவதும் பயப்பட வேண்டியவை இல்லை.

இப்போது 1.4க்கு வருவோம். கிரியேட்டின், கிரியேட்டினின். நடுவில் ஒரு 'னி' கூடுதல், அவ்வளவு வித்தியாசம். அந்த ஒரு எழுத்தில்தான் உங்கள் தூக்கம் போயிருக்கிறது. கிரியேட்டின் தசைக்குச் சட்டென்று சக்தி கொடுக்கும் பொருள். உடம்பே தினம் ஒரு கிராம் அளவுக்குத் தயாரிக்கிறது, மீனிலும் கறியிலும் இருக்கிறது. அது எரிந்த பிறகு மிஞ்சும் சாம்பல் கிரியேட்டினின். அடுப்பு பெரிதானால் சாம்பலும் கூடும். தசை வளர்ந்த பையனுக்கு, அதுவும் தினம் கிரியேட்டின் எடுப்பவனுக்கு, சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் இந்த எண் கொஞ்சம் ஏறித்தான் இருக்கும். இவன் வயதுக்கு 1.4ஐச் சூத்திரத்தில் போட்டால், சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்று காட்டும் ஈ.ஜி.எஃப்.ஆர். சுமார் 73 வரும். டயாலிசிஸ் பேச்சு எழுவது அது 15ஐ ஒட்டி இறங்கும்போது. நெட் உங்களை எத்தனை படி தாண்டிக் குதிக்க வைத்திருக்கிறது பாருங்கள்.

போன மாதக் கதை இல்லையென்றால் இந்த 1.4ஐ நான் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். இருப்பதால், ஒருமுறை ஒழுங்காகப் பார்த்துவிடுவோம். இரண்டு வாரம் கிரியேட்டினை நிறுத்தட்டும். கடைசி ஒரு வாரம் எடை தூக்க வேண்டாம், முதல் நாள் பிரியாணியும் வேண்டாம். அதன் பிறகு கிரியேட்டினின், சி.பி.கே., சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் மூன்றையும் பார்த்துக்கொண்டு, ஒரு பொது மருத்துவரை நேரில் பார்க்கட்டும். சந்தேகம் மிஞ்சினால் சிஸ்டாட்டின் சி என்று ஒரு பரிசோதனை உண்டு. அது தசையின் அளவை வைத்து அவ்வளவாக ஏமாறாது. எஸ்.ஜி.ஓ.டி. என்ற நொதி கல்லீரலில் மட்டுமல்ல, தசையிலும் இருக்கிறது. பயிற்சி செய்த உடம்பில் கொஞ்சம் கூடுவது சகஜம். அதையும் இதே மூச்சில் திரும்பப் பார்த்துக்கொள்ளலாம். கீழாநெல்லியைத் தேடிக் கிளம்ப வேண்டாம்.

பாக்கி இருப்பது மொழிப் பிரச்சினை. 'ஃபெயிலியர் வரை போனேன்' என்றால் இன்னொரு முறை தூக்க முடியாது என்கிற இடம் வரை எடையைத் தூக்கினேன் என்று அர்த்தம். கிட்னிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 'கட்டிங்' என்று கேட்டதும் உங்கள் மனசு டாஸ்மாக் வாசலுக்குப் போயிருக்கும் என்று நினைக்கிறேன். அது கொழுப்பைக் கரைக்கச் சாப்பாட்டைக் குறைக்கும் மாதங்கள். எடை ஏற்றச் சாப்பிட்டுத் தள்ளும் மாதங்கள் 'பல்க்கிங்'. 'பம்ப்' என்பது பயிற்சியின்போது ரத்தம் பாய்ந்து தசை புடைப்பது. கண்ணாடி முன்னால் போட்டோ எடுப்பதைத் தவிர அதற்குப் பெரிய பயன் கிடையாது.

வே என்பது பால் திரியும்போது பிரிகிற தண்ணீரிலிருந்து எடுத்த புரதம். ஒரு ஸ்கூப்பில் 24 கிராம் வரை இருக்கும், கிட்டத்தட்ட நான்கு முட்டை. நாமக்கல்லில் உட்கார்ந்துகொண்டு டப்பாவில் புரதம் தேடுவது எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆபத்தில்லை. எடை தூக்குகிறவருக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் போதும். 70 கிலோ பையனென்றால் நாளைக்கு 112 கிராம். கிரியேட்டின் நாளைக்கு 3 முதல் 5 கிராம். முதல் வாரம் 20 கிராம் என்று சொல்லும் 'லோடிங்' தேவையில்லை.

கடிதத்தில் இல்லாத ஒரு சொல்லை மட்டும் நீங்கள் காதில் வாங்கிக்கொள்ளுங்கள்: 'சைக்கிள்'. "சைக்கிள் போடுறேன்" என்றால் மிதிவண்டி என்று நினைத்துச் சந்தோஷப்படாதீர்கள். ஸ்டீராய்டு ஊசியைச் சில வாரங்கள் போட்டு நிறுத்துவதற்குத்தான் அந்தப் பெயர். விந்தணு உற்பத்தியை முடக்கும், இதயத்தைத் தடிக்க வைக்கும். அந்தச் சொல் வீட்டுக்குள் வந்தால் எனக்கு எழுத வேண்டாம், நேரே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

பரிசோதனை சரியாக இருந்தால் பழைய எடையில் பாதியில் தொடங்கட்டும், ஒரு மாதம் ஃபெயிலியர் வரை போகாமல். பயிற்சியாளர் கேலி செய்தால் செய்யட்டும். டப்பாக்கள் அலமாரியிலேயே இருக்கட்டும், விலை அதிகம். தூக்கி எறிய ஏதாவது வேண்டும் என்றால், அந்த வலி மாத்திரைப் பட்டையில் மிச்சம் இருப்பதை எறியுங்கள்.