வெளிவராத வாட்சுக்கு முன்பணம் கட்டலாமா?

கேள்வி: குளச்சலில் படகு எஞ்சின் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். சின்ன வயதிலிருந்தே விமானம் என்றால் எனக்கு உயிர். பெரிய சுவிஸ் கம்பெனி ஒன்று விமானிகளுக்கான புது வாட்சை ஜெனீவா கண்காட்சியில் காட்டப்போவதாகப் பேச்சு. இப்போதே முன்பணம் கட்டினால் முதல் ஆளாக வாங்கித் தருகிறேன் என்கிறார் ஒரு வியாபாரி. துபாயில் இருக்கும் மச்சானோ, அங்கே வாங்கிக் கையில் கட்டிக்கொண்டே வந்துவிடலாம் என்கிறார். எதைச் செய்ய?

பதில்: முன்பணம் வேண்டாம். விலையையும் அளவையும் கம்பெனியே இன்னும் சொல்லவில்லை. அப்படியிருக்க, அந்த வியாபாரி எதை வைத்து வாக்குக் கொடுக்கிறார்? கம்பெனியின் இணையதளத்தில் அவர்கள் அங்கீகரித்த கடைகளின் பட்டியல் இருக்கும். அதில் உள்ள ஒரு கடையில் பெயரை மட்டும் பதிந்துவிட்டுக் காத்திருங்கள்.

அதற்குள் ஒரு காரியம் செய்யுங்கள். அட்டையில் 43 மில்லிமீட்டர் வட்டம் வெட்டி, ரப்பர் பேண்டு போட்டு மணிக்கட்டில் மாட்டி, ஒரு நாள் முழுக்கக் கடை வேலையைப் பாருங்கள். விமானி வாட்சுகள் பெரிதாகவே பிறந்தவை. 1940-இல் ஐடபிள்யூசி என்ற சுவிஸ் கம்பெனி செய்தது 55 மில்லிமீட்டர் அகலம்! பறக்கும்போது போடும் கோட்டுக்கு மேல் கட்டினார்கள். சாவி கொடுக்கும் திருகைக்கூடக் கையுறையோடு பிடிக்கத் தோதாகப் பெரிதாக வைத்தார்கள். இன்றும் 43, 46 அளவுகளில் வருகின்றன. படத்தில் பார்க்கும்போது இதெல்லாம் தெரியாது.

அளவைவிட எனக்குக் கவலை தண்ணீர்தான். 1952-இல் பிரைட்லிங் கம்பெனி கொண்டுவந்த நேவிடைமர் என்ற விமானி வாட்சில் டயலைச் சுற்றி ஒரு கணக்கு வளையம் உண்டு. எரிபொருள், வேகம், தூரம் எல்லாவற்றையும் விமானி அதிலேயே கணக்குப் போடலாம். பார்க்கப் பார்க்க ஆசை தீராது. ஆனால் அதன் நீர்த்தடுப்பு வெறும் 30 மீட்டர். அவ்வளவு ஆழம் முங்கலாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், அவ்வளவுதான். அப்படி ஒரு வாட்சோடு முட்டத்தில் அலையில் கை நனைத்தேன். மறுநாள் காலை கண்ணாடிக்கு உட்புறம், 4 என்ற எண்ணின் மேல் பனி படர்ந்திருந்தது. வயிறு கலங்கிவிட்டது. கடலோரத்தில் இருக்கும் நீங்கள் 100 மீட்டருக்குக் குறைந்து எடுக்காதீர்கள். ஐடபிள்யூசியின் மார்க் 20 என்ற விமானி வாட்ச் 100 மீட்டர் தாங்கும் வகைதான். தோல் வாரும் நம் ஊர் வியர்வைக்கு ஆகாது. ஸ்டீல் அல்லது ரப்பர் வார் கேளுங்கள்.

இன்னொன்று: படகு எஞ்சினில் சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலில் காந்தம் இருக்கும். காந்தம் ஏறினால் மெக்கானிக்கல் வாட்ச் பெரும்பாலும் வேகமாக ஓடும். அதனால் புது மாடலில் காந்தத் தடுப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மச்சான் சொல்வது சரியில்லை. கையில் கட்டியிருந்தாலும் வரிவிலக்கு வரம்பைத் தாண்டிய மதிப்புக்குச் சுங்கவரி உண்டு. திருவனந்தபுரத்தில் இறங்கியதும், வரி கட்ட வேண்டிய பொருள் வைத்திருப்பவர்களுக்கான சிவப்பு வழியில் போய்ச் சொல்லி வரி கட்டட்டும். மறைத்தால் வாட்ச் பறிமுதல், மேலே அபராதம். சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு நாடுகளின் கூட்டமைப்போடு (EFTA) இந்தியா செய்த வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்ததால், சுவிஸ் வாட்சுகளின் சுங்கவரி படிப்படியாகக் குறைகிறது. ஆகவே துபாய் விலைக்கும் நம் விலைக்கும் பழைய வித்தியாசம் இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

இங்கே வாங்கினால் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொடுக்க முடியாது. வங்கி வழியாகக் கொடுங்கள். விலை 10 லட்சத்தைத் தாண்டினால் கடைக்காரர் 1 சதவீதம் வரி கூடுதலாகப் பிடிப்பார். அதை உங்கள் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.