வாசகர் கேள்வி பதில்: நிறைந்துபோன வீட்டை எங்கிருந்து ஒதுங்க வைப்பது?

கேள்வி: மாமனார் காலத்து நாட்டு ஓட்டு வீட்டோடு இரண்டு தார்சு அறைகளைச் சேர்த்துக் கட்டியது எங்கள் வீடு. கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார், நான் என ஐந்து பேர் இருக்கிறோம். பரணிலும் கட்டிலடியிலும் திண்ணையிலும் பொருள்கள் நிறைந்து, பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கவே இடமில்லாமல் போய்விட்டது. மூன்று ஆண்டுகளாகப் போகிக்கு முன் பரணை இறக்குகிறேன். ஒவ்வொரு முறையும் மாமியாருடன் மனத்தாங்கல் ஏற்பட்டு, இறக்கியதில் பெரும்பகுதி மறுபடியும் பரணுக்கே போய்விடுகிறது. மாமனார் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியும் அவருடைய பொருள்கள் அப்படியே இருக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது?
(ஒரு வாசகி, பாலக்கோடு வட்டம்)

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் கடிதத்தில் முதலில் என் கண்ணில் பட்டது "பரணை இறக்குகிறேன்" என்ற சொற்கள்தான். ஒரு வீட்டில் கைவைக்க மிகக் கடினமான இடம் பரண். அன்றாடம் தேவைப்படாமலும், எறிந்துவிட மனம் வராமலும் இருப்பவைதான் அங்கே ஏறுகின்றன. ஆகவே அங்கிருந்து இறங்கும் ஒவ்வொரு பொருளும் ஒரு நினைவையோ ஓர் உறவையோ தன்னோடு இறக்கிக்கொண்டு வருகிறது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் அவசரத்தில், ஒரே பகலில், அத்தனைக்கும் முடிவு சொல்லும்படி கேட்டால், உங்கள் மாமியார் எல்லாவற்றுக்கும் "இருக்கட்டும்" என்றுதான் சொல்வார். அந்த இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் சொல்வேன்.

இந்த ஆண்டு பரணைத் தொட வேண்டாம். போகிக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். நாளைக் காலை, பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு, அடுப்படி மேடையில் தொடங்குங்கள். மூடி தொலைந்த டப்பாக்கள், காம்பு உடைந்த கரண்டி, ஓட்டலிலிருந்து சாம்பார் வந்த பிளாஸ்டிக் கிண்ணங்கள், மடித்து மடித்துச் செருகிய கேரி பைகள், எப்போதோ குழந்தைக்கு வாங்கிய இருமல் மருந்து ஆகியவற்றின் மேல் யாருக்கும் பாசம் இல்லை. அவற்றுக்காக வீட்டில் சண்டை வராது. அருகில் ஒரு சாக்கும் ஒரு கூடையும் வைத்துக்கொள்ளுங்கள். வெளியே போக வேண்டியது சாக்கில், வேறு அறைக்கு உரியது கூடையில். அரை மணி நேரம் முடிந்ததும், மேடை பாதிதான் ஆகியிருந்தாலும் நிறுத்திவிட்டு, சாக்கை அன்றைக்கே வீட்டைவிட்டு வெளியேற்றுங்கள். திண்ணையில் இரண்டு நாள் கிடக்கும் சாக்கு தானாகவே அவிழ்ந்துவிடும் என்பது எங்கள் வீட்டில் நான் பலமுறை கண்டது. காலாவதியான மாத்திரைகளையும் மருந்துப் புட்டிகளையும் மட்டும் மற்ற குப்பையோடு சேர்க்காமல், தனியே பொதிந்து, இன்னதென்று சொல்லி, ஊராட்சித் தூய்மைக் காவலரிடம் கொடுங்கள்.

மேடை முடிந்தால் அடுத்து பிள்ளைகள் படிக்க வேண்டிய மூலை. அதற்கு அடுத்து கட்டிலடி. இந்த மூன்றும் முடிய ஒரு மாதம் ஆகலாம். அதுவரை எடுத்து வைப்பதற்கென்று பிளாஸ்டிக் பெட்டியோ அலமாரியோ ஒன்றுகூட வாங்காதீர்கள் என்று உங்களை வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். இடம் போதவில்லை என்று வாங்கும் ரேக், வேண்டாதவற்றை ஒழுங்காக அடுக்கி வைக்க ஓர் இடம் ஆகிவிடுகிறது. வெளியேற வேண்டிய பொருள்கள் வெளியேறிய பிறகு பார்த்தால், அந்த ரேக்கே தேவைப்பட்டிருக்காது.

இனி, உங்கள் மாமியாரைப் பற்றி. நம்முடைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வானம் பார்த்த பூமி. விளைந்த ஆண்டில் கேழ்வரகைக் குதிரில் நிரப்பி வைத்து, விளையாத ஆண்டில் அதையே களி கிண்டிச் சாப்பிட்டுப் பிழைத்த ஊர்கள் இவை. மற்ற தானியங்களைவிடக் கேழ்வரகு பூச்சி அண்டாமல் பல ஆண்டு கெடாது இருக்கும் என்பதால்தான் அந்த வாழ்க்கை முறையே அமைந்தது. எதையும் எறியாமல் வைத்திருப்பவள் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கிய தலைமுறை அவருடையது. ஆகவே, சாமை, கொள்ளு, அவரைக்கொட்டை, கொட்டை நீக்கி உருட்டி வைத்த புளி ஆகியவற்றை அடைசல் என்ற கணக்கில் சேர்க்காதீர்கள். அது இருப்பு. வண்டு விழுந்ததையும் பூஞ்சை பிடித்ததையும் அவரையே பார்த்துக் கழித்துத் தரச் சொல்லுங்கள். இந்த வேலையில் உங்களைவிட அவர் கை பழகிய கை.

பிறகு பரணுக்கு வரும்போது, "எதை எறியலாம், அத்தை?" என்று கேட்காமல், "எது கட்டாயம் இருக்கணும், அத்தை?" என்று கேளுங்கள். கேள்வி மாறும்போது பதிலும் மாறுவதைக் காண்பீர்கள். ஒரு நாளைக்கு ஒரு பெட்டி அல்லது ஒரு மூட்டை போதும். அவர் எதிரில் இருக்கும்போது மட்டுமே பிரியுங்கள். அவர் ஊருக்குப் போயிருக்கும் நாளில் ஒரு தகர டப்பாவைக்கூட நீக்காதீர்கள். ஒருமுறை அப்படிச் செய்துவிட்டால், அதன் பிறகு நீங்கள் துடைப்பத்தை எடுத்தாலே அவருக்குப் பதற்றம் வரும்.

பரணில் பாதி பாத்திரங்களாகத்தான் இருக்கும். கல்யாணத்திற்கும் காதுகுத்துக்கும் மொய்யாக வந்த எவர்சில்வர் தூக்குகளிலும் குடங்களிலும் கொடுத்தவர் பெயர் வெட்டியிருப்பதால், அவற்றை விற்பது அந்த உறவையே விற்பது போலத் தோன்றும். யார் யார் என்ன கொடுத்தார்கள் என்று ஒரு நோட்டில் மாமியார் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். திருப்பிச் செய்ய வேண்டிய முறை அந்த நோட்டில் இருக்கும்போது, ஒரே மாதிரியான பதினைந்து தட்டுகள் பரணில் இருக்க வேண்டியதில்லை. பித்தளை அண்டாவும் வெண்கலப் பானையும் அப்படியல்ல. அவை எடைக்கு நல்ல விலை போகக்கூடியவை. பித்தளைக்கு வெள்ளீயம் பூசினால் மறுபடியும் சமைக்கலாம். வாசலுக்கு வரும் வியாபாரியிடம் அவசரத்தில் பிளாஸ்டிக் குடத்துக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் பின்னால் வருந்தியவர்கள் பலரை நான் அறிவேன். கொடுப்பதென்றால், வீட்டிலேயே ஒருமுறை எடை பார்த்துக்கொண்டு, பாத்திரக்கடைக்கு நீங்களே எடுத்துச் செல்லுங்கள்.

2006-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் வந்த கலர் டிவியும், 2011-க்குப் பிறகு வந்த மிக்சி, கிரைண்டர், மின்விசிறியும் உங்கள் வீட்டிலும் மூலையில் இருக்கக்கூடும். ஓடுகிற மிக்சியும் விசிறியும் புதிதாகக் குடித்தனம் தொடங்கும் யாருக்காவது இன்றும் பயன்படும். ஓடாத பழைய டிவியைப் பற்றி மட்டும் எச்சரிக்கை தேவை: அதன் படக்குழாயின் கண்ணாடியில் காரீயம் என்ற நச்சு உலோகம் இருக்கிறது. செம்புக் கம்பிக்காக அதை உடைப்பவர்களிடம் கொடுக்காமல், மின்கழிவு வாங்க அனுமதி பெற்றவர்களிடமோ, புதியது விற்கும்போது பழையதை எடுத்துக்கொள்ளும் கடையிலோ கொடுங்கள்.

மாமனாரின் பொருள்களில் துணிகளைக் கடைசியாக வைத்துக்கொண்டு, முதலில் காகிதங்களை எடுங்கள். பழைய பேப்பர் கடைக்கு ஒரு கட்டுகூடப் பிரிக்காமல் போகக் கூடாது. மூலப்பத்திரம், பாகப்பத்திரம், கடன் அடைத்த ரசீது, அடமானம் மீட்ட காகிதம், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழ் எல்லாம் ஒரே தகரப் பெட்டியில் சேரட்டும். பட்டா, சிட்டா நகல்களை இப்போது இணையத்திலேயே எடுத்துக்கொள்ள முடிகிறது. ஆனால் மூலப்பத்திரம் தொலைந்தால் காவல் நிலையம், செய்தித்தாள் விளம்பரம் என்று அலைய வேண்டிவரும். பத்தாண்டு பழைய மின்கட்டண அட்டைகளும் உரக்கடை பில்களும் போகலாம். துணிகளில், மாமியார் விரும்பும் ஒரு வேட்டியும் துண்டும் அவரிடமே இருக்கட்டும். மற்றவற்றை எப்போது கொடுப்பது என்று அவரே ஒரு நாள் சொல்வார்; நான்கு ஆண்டு காத்த நீங்கள் இன்னும் சிறிது காத்திருக்கலாம்.

கொல்லைப்புறத்தில் உடைந்த ஓடும் விறகும் குவிந்திருந்தால், கையை நேராக விடாமல், செருப்பு அணிந்து, நீண்ட கோலால் முதலில் கிளறுங்கள்; தேளும் பாம்பும் விரும்பி ஒதுங்கும் இடம் அது. பழைய டயர், ஓட்டைப் பானை, தேங்காய் ஓடு ஆகியவற்றை மழைக்காலத்துக்கு முன் அகற்றிவிடுங்கள். டெங்குக் கொசு அவற்றில் தேங்கும் நீரில்தான் முட்டையிடுகிறது. ஏழு முதல் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். டயரையும் பிளாஸ்டிக்கையும் போகித் தீயில் போடுவது கூடவே கூடாது. அந்தப் புகையைச் சுவாசிப்பது உங்கள் பிள்ளைகள்தான்.

கேள்வி: ஓசூரில் இரண்டு அறை வாடகை வீட்டில் இருக்கிறோம். இருவரும் வேலைக்குப் போகிறோம். ஆன்லைனில் வாங்கும் பொருள்களின் அட்டைப்பெட்டிகளே ஓர் அறையை அடைத்துவிட்டன. வீடு மாறும்போது தேவைப்படுமே என்று வைத்திருக்கிறோம்.
(ஒரு வாசகர், ஓசூர்)

பதில்: உத்தரவாதக் காலம் முடியாத டிவி, மடிக்கணினி போன்றவற்றின் பெட்டிகளை மட்டும் பிரித்துத் தட்டையாக்கி, கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் செருகி வையுங்கள். மற்ற அனைத்தும் இந்த ஞாயிற்றுக்கிழமையே பழைய பேப்பர் கடைக்குப் போகட்டும். வீடு மாறும்போது மளிகைக் கடையில் கேட்டால் பத்துப் பெட்டி கிடைக்கும். அதற்காக ஓர் அறைக்கு மாதாமாதம் வாடகை கொடுத்துக்கொண்டிருப்பது நியாயமில்லை.

கேள்வி: அம்மா இறந்த பிறகு அப்பா கிருஷ்ணகிரியில் தனியாக இருக்கிறார். வயது எழுபத்திரண்டு. செய்தித்தாள், காலி புட்டி, தெருவில் கிடந்த பொருள் என்று சேர்த்துச் சேர்த்து, கழிவறைக்குப் போகவே ஒருக்களித்து நடக்க வேண்டியிருக்கிறது. தொட்டால் கடுங்கோபம் வருகிறது. அவர் எங்கள் வீட்டுக்கு வரும்போது ஆள் வைத்து எல்லாவற்றையும் அகற்றிவிடலாமா?
(ஒரு வாசகர், பெங்களூரு)

பதில்: வேண்டாம். உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் தெரியாமல் அகற்றினால் அவருடைய நம்பிக்கை போகும், சில மாதங்களில் வீடு மறுபடியும் நிறையும். இது சோம்பலும் அல்ல, பிடிவாதமும் அல்ல. பயனற்ற பொருளையும் பிரிய முடியாமல் சேர்த்து வைப்பதைத் தனியான மனநலக் கோளாறாக, 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் வெளியிட்ட வகைப்பாட்டு நூலின் ஐந்தாம் பதிப்பு ஏற்றுக்கொண்டது. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலிலும் அது இருக்கிறது. முதுமையில் புதிதாகத் தொடங்கியிருந்தால், துணையை இழந்த மனச்சோர்வோ மறதி நோயின் தொடக்கமோ காரணமாக இருக்கலாம் என்பதால், மருத்துவர் ஒருமுறை பார்ப்பது அவசியம். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு, சர்க்கரை, இரத்த அழுத்தப் பரிசோதனையோடு சேர்த்து அழைத்துச் செல்லுங்கள். அதற்கு முன் நீங்களே பேசி வழி கேட்க விரும்பினால், 2022-இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசி ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசுவார்கள்.

அதுவரை பொருள்களின் அளவைப் பற்றி அவரிடம் பேசவே பேசாதீர்கள். விழுந்துவிடாமல் இருப்பதைப் பற்றி மட்டும் பேசுங்கள். கட்டிலிலிருந்து கழிவறைக்கும், கட்டிலிலிருந்து வாசலுக்கும், ஓர் ஆள் நேராக நடக்கும் அகலத்துக்கு வழி வேண்டும்; அடுப்பைச் சுற்றியும் மின் பலகைக்குக் கீழும் காகிதம் இருக்கக் கூடாது. அவ்வளவுதான் உங்கள் கோரிக்கை. அந்த வழியில் இருப்பதைக்கூட எறியாமல், அவர் கண்முன்னே, அவர் காட்டும் இடத்துக்கு நகர்த்துங்கள். வாரம் ஒருமுறை நீங்கள் கிருஷ்ணகிரிக்கு வரும்போது, வேறெதையும் தொடாமல், அந்த இரண்டு வழிகளும் திறந்திருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துவிட்டு, அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.